கண்ணில் பூ விழும் முன்னே

மேலூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த எந்த ஊரில் விசாரித்தாலும் கண்ணில் நெல் பட்டவர் ஒருவராவது இருப்பார். கதிர் அடிக்கையில் தெறிக்கிற மணி, தூற்றுகையில் காற்றோடு வருகிற சுணை, கரும்புச் சோகை உரிக்கையில் கண்ணோரம் இழுத்துவிடுகிற அதன் விளிம்பு. பட்ட நேரத்தில் யாரும் அதைக் காயமாக எண்ணுவதில்லை. என் அத்தையும் எண்ணவில்லை. "தூசிதான்ப்பா, தண்ணிய அடிச்சுக் கழுவிட்டேன்" என்றார் போனில். மூன்றாம் நாள் கண் சிவந்து நீர் வடியத் தொடங்கியதும் பக்கத்து டவுன் மருந்துக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த மருந்து அது. போட்டதும் சிவப்புக் குறைந்தது, வலி தணிந்தது. உள்ளே புண் வளர்ந்துகொண்டிருந்தது. பத்து நாள் கழித்து நாங்கள் மதுரைக்குக் கூட்டிவந்தபோது கருவிழி மேல் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளை படர்ந்திருந்தது.

புண்ணைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை. அதே அறையில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணில் குத்தியது சோளத்தட்டை. புண்ணில் இருந்தது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. எங்களுக்கு இரண்டு புண்ணும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

அத்தைக்குத் துணையாக இருந்த அந்த நாட்களில்தான் ஃபேஜ் நொதிகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியை நொடியில் உடைக்கும் நொதி என்று அவ்வப்போது செய்தி வரும். அந்தச் செய்திகள் பெரும்பாலும் ஐசியூவில் கிடக்கும் நோயாளியைப் பற்றியே பேசும். படித்து முடித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. இரத்தத்தில் ஓடும் கிருமியை அடக்கும் மருந்தாக இந்த நொதி வருவதற்குக் காலம் பிடிக்கும். கண்ணின் மேற்பரப்பில், நிமோகாக்கஸ் போன்ற கிருமிக்கு எதிராக, அது முதலில் இறங்கி வேலை செய்யலாம். அந்த வேலையைத் தொடங்குவதற்கு மதுரையைப்போலப் பொருத்தமான ஊர்கள் அதிகம் இல்லை.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவுக்கு வருகிற வைரஸ். நமக்கு வைரஸ் காய்ச்சல் வருவதுபோலப் பாக்டீரியாவுக்கும் வரும், அதிலேயே செத்தும் போகும். வைகையில் ஒரு துளித் தண்ணீர் எடுத்தாலும் அதில் ஃபேஜ்கள் லட்சக்கணக்கில் இருக்கும். இந்தக் கதையின் முதல் வரி இந்தியாவில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1896இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹாங்கின், கங்கை யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது, கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று எழுதினார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. 1915இல் ஃபிரெடெரிக் ட்வோர்ட்டும் 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல்லும் தனித்தனியாக அதைக் கண்டார்கள். 'பாக்டீரியாவைத் தின்பது' என்ற பொருளில் பெயர் வைத்தவர் தெரெல். அவரே 1920களில் இந்தியாவுக்கு வந்து காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார். பிறகு பென்சிலின் வந்தது. ஜார்ஜியா நாட்டின் திபிலிசி போன்ற சில இடங்களைத் தவிர உலகம் ஃபேஜை மறந்தே போனது.

இப்போது திரும்ப நினைக்கக் காரணம் எல்லோரும் அறிந்ததுதான். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத சக்தியைக் கிருமிக்குத் தருகிற என்டிஎம்-1 என்ற மரபணுவைப் பற்றி 2010இல் உலகத்தை உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையிலிருந்து ஆய்வு செய்த குமாரசாமி கார்த்திகேயன். அதில் 44 கிருமி மாதிரிகள் சென்னையில் எடுத்தவை.

ஃபேஜையே மருந்தாகக் கொடுப்பது ஒரு வழி. நான் பேச வந்தது அதைவிட எளிய இன்னொன்று. ஃபேஜ் வைத்திருக்கும் கத்தியை மட்டும் எடுத்துக்கொள்வது.

பாக்டீரியாவுக்குள் நுழைந்த ஃபேஜ், அதன் உள்ளிருப்பையெல்லாம் பயன்படுத்தித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. பெருகிய குஞ்சுகள் வெளியேற வேண்டும். பாக்டீரியாவைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்ற வலைபோன்ற சுவர் இருக்கிறது. சர்க்கரைச் சரங்களைப் புரதத் துணுக்குகளால் குறுக்கே முடிந்து நெய்த வலை. அதை அறுக்க ஃபேஜ் இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஹோலின் என்பது உட்சவ்வில் ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாக எண்டோலைசின் என்ற நொதி வெளியே போய் வலையின் கண்ணிகளைக் கத்தரிக்கும். சுருக்கமாக லைசின் என்பார்கள்.

வலை அறுந்தால் பாக்டீரியா ஏன் சாக வேண்டும்? சைக்கிள் டயரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ட்யூபில் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. டயர் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. டயரில் ஓரிடத்தில் கிழிசல் விழுந்தால் ட்யூப் அந்த வழியே பிதுங்கி வெடிக்கும். பாக்டீரியாவின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போலப் பல மடங்கு. வலையில் சில கண்ணிகள் அறுந்தாலே போதும், உட்சவ்வு பிதுங்கி வெடித்துவிடும்.

ஃபேஜுக்கு இந்தக் கத்தி உள்ளிருந்து வெளியேறுவதற்கு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டியும் அவர் குழுவினரும் அதையே வெளியிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். ஃபேஜே வேண்டாம், சுத்தப்படுத்திய நொதி மட்டும். 2001இல் வெளியான முடிவை நான் இரண்டு முறை படித்தேன்: தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரு கோடியை வைத்து 10 நானோகிராம் நொதியைச் சேர்த்தால் 5 நொடியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே ஆண்டு அதே குழு நிமோகாக்கஸுக்கான ஃபேஜ் நொதியைச் சோதித்தது. பென்சிலினுக்கு அடங்காத வகைகள் உட்பட நிமோகாக்கஸின் 15 வகைகளை அது நொடிகளில் கொன்றது. எலிகளின் மூக்கில் குடியிருந்த நிமோகாக்கஸையும் துடைத்தது.

கிருமி இதற்கும் பழகிவிடாதா என்று கேட்கலாம். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். ஆன்டிபயாடிக்கை பாக்டீரியா சமாளிக்கும் வழிகள் சில: உள்ளே வந்த மருந்தைப் பம்ப் வைத்து வெளியே இறைப்பது, மருந்தையே உடைப்பது, மருந்து தாக்கும் இடத்தை மாற்றிக்கொள்வது. லைசின் உள்ளே போவதே இல்லை, ஆகவே இறைப்பதற்கு எதுவும் கிடையாது. தாக்கும் இடத்தை மாற்றுவதும் கடினம். லைசினுக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று பிடித்துக்கொள்ளும், மற்றொன்று வெட்டும். நிமோகாக்கஸுக்கான லைசின் பிடித்துக்கொள்வது அதன் சுவரில் பதிந்திருக்கும் கோலின் என்ற பொருளை. கோலினைக் கைவிட்டால் நிமோகாக்கஸ் நலமாக வாழ முடியாது. தப்பவே முடியாத இடமாகப் பார்த்துப் பிடிக்க ஃபேஜ்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழகியிருக்கின்றன. ஆந்த்ராக்ஸ் கிருமிக்கான லைசினை 2002இல் சோதித்தவர்கள், மரபணு மாற்றங்களைத் தூண்டும் வேதிப்பொருளைப் போட்டுக்கூட எதிர்ப்புள்ள கிருமியைத் தேடினார்கள்; கிடைக்கவில்லை. வேறு ஆன்டிபயாடிக்குகளுக்கு அதே முறையில் எதிர்ப்புக் கிருமிகள் கிடைத்தன. இனி எந்நாளும் எதிர்ப்பு வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வருவது அரிது என்று சொல்லலாம்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் வந்தவர்கள் அவர்கள். மூவரில் இருவருக்குப் புண்ணுக்கு முன் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்த புண்களில் பாக்டீரியாவால் மட்டும் வந்தவை 47.1 சதவீதம், பூஞ்சையால் மட்டும் வந்தவை 46.8 சதவீதம். ஏறக்குறையச் சரிபாதி. அந்த பாக்டீரியாக்களில் முதலிடம் நிமோகாக்கஸுக்கு: 44.3 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்குமேல் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. பழைய எண்கள்தான். ஆனால் நெல்லும் கரும்பும் சோளமும் இன்னும் அதே வயல்களில்தான் இருக்கின்றன.

ஆக, ஃபிஷெட்டி குழு சோதனைக்குழாயில் நொடியில் உடைத்த அதே நிமோகாக்கஸ்தான் நம் பக்கத்தில் பாக்டீரியாவால் வரும் கருவிழிப் புண்ணுக்கு முதல் காரணமாக இருந்திருக்கிறது. எனக்கு இந்த இடத்தில்தான் பொறி தட்டியது.

கண் என்பது மருந்தை நேராக வைக்கக்கூடிய இடம். இரத்தத்தில் ஏற்றினால் லைசின் சீக்கிரமே கரைந்து போகும். உடம்பு அதை அந்நியப் புரதமாகக் கண்டு எதிர்ப்பொருள் செய்யும். மேற்பரப்பில் இந்தத் தொல்லை குறைவு. அதோடு லைசின் குறிவைத்த இனத்தைத்தான் தொடும். கண்ணில் இயல்பாக இருக்கும் மற்ற நுண்ணுயிர்களை விட்டுவிடும். உடம்புக்குள் போவது மிகக் குறைவு, சிறுநீரகத்துக்குப் பெரிய சுமை இல்லை.

இரத்தத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸிபகேஸ் என்ற லைசின் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இரத்தத்தில் பரவிய நோயாளிகளுக்கு, வழக்கமான ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே ஒரு தவணை கொடுக்கப்பட்டது. இரண்டாம் கட்டச் சோதனையில், மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகை தொற்றியவர்களில் 74 சதவீதத்தினர் 14ஆம் நாளில் தேறியிருந்தார்கள்; ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம்தான். எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அது மொத்த நோயாளிகளில் ஒரு சிறு பிரிவு. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 70க்கு 60 என்ற வித்தியாசம்தான், அதுவும் தற்செயலாக இருந்திருக்கக்கூடிய அளவு. மூன்றாம் கட்டம் 2022இல் பாதியில் நிறுத்தப்பட்டது, தொடர்ந்தாலும் பயன் தெரிய வாய்ப்பில்லை என்பதால். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் திவாலானது. நொதி வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். இதய வால்வுக்குள்ளும் எலும்புக்குள்ளும் ஒளிந்திருக்கும் கிருமியை ஒரே ஊசியில் துரத்துவது மிகக் கடினமான முதல் பரீட்சை. அதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

கண்ணிலும் சிக்கல்கள் உண்டு. முதலாவது, என் அத்தை. பூஞ்சையின் சுவர் வேறு பொருள்களால் ஆனது. இந்த லைசின்களுக்கு அங்கே வெட்ட எதுவும் இல்லை. லைசின் சொட்டு மருந்து கடையில் கிடைத்து, அதை அந்தக் கடைக்காரர் ஸ்டீராய்டுக்குப் பதில் கொடுத்திருந்தாலும் அத்தையின் புண் வளர்ந்தேதான் இருக்கும். பாதிப் புண்கள் பூஞ்சையாக இருக்கும் ஊரில் சுரண்டிப் பார்க்காமல் லைசினைக் கொடுக்கவே கூடாது. நல்லவேளை, பார்ப்பது பெரிய வேலை இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்துப் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். கிராம் சாயம் ஏற்றினால் பாக்டீரியா தெரியும். இரண்டுமே சில நிமிட வேலை.

அந்த கிராம் சாயத்திலேயே இரண்டாவது சிக்கலும் தெரிகிறது. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் சொன்ன முறை அது. ஊதாவாகத் தெரிகிற பாக்டீரியாவுக்கு வலைச்சுவர் தடிமனாக, வெளிப்பக்கம் திறந்து இருக்கும். இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு வலை மெலிசு, அதன் மேல் கொழுப்பாலான வெளிச்சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். வெளியிலிருந்து வரும் லைசின் அந்தப் போர்வையைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். ஊதா என்றால் கத்தி எட்டும், இளஞ்சிவப்பு என்றால் எட்டாது. நூற்று நாற்பது ஆண்டுப் பழைய சாயம் இந்தப் புதிய மருந்துக்கு நேர் வழிகாட்டியாக இருக்கிறது. நிமோகாக்கஸ் ஊதா, இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும்.

நம் மருத்துவமனைகளை இன்று அதிகம் வாட்டுகிற கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் மூன்றும் இளஞ்சிவப்பு. 1997 ஆய்வில் கருவிழிப் புண்ணில் இரண்டாமிடம் பிடித்தது சூடோமோனாஸ். 2022-23இல் அமெரிக்காவில் 81 பேரைத் தொற்றி, நான்கு பேரின் உயிரையும் 14 பேரின் பார்வையையும் பறித்த அடங்காத கிருமியும் சூடோமோனாஸ்தான். சென்னை அருகே தயாரான கண் சொட்டு மருந்தோடு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைத் தொடர்புபடுத்தியது. அந்தச் செய்தி வந்தபோது எனக்கு மிகவும் வலித்தது. வெளிச்சவ்வைத் துளைக்க வேலைகள் நடக்கின்றன: பெல்ஜிய ஆய்வாளர்கள் லைசினோடு சவ்வைக் கலைக்கும் புரதத் துணுக்கை ஒட்டவைத்தார்கள், அசினெட்டோபாக்டரைத் தானாகவே கொல்லும் லைசின் ஒன்று 2015இல் எலிகளைக் காப்பாற்றியது. அவை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வரவேண்டும்.

மூன்றாவது சிக்கல் நிமோகாக்கஸுக்கே உரியது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம். நிமோகாக்கஸ் தன் உடலுக்குள் நிமோலைசின் என்ற நஞ்சை வைத்திருக்கிறது. அது உடையும்போதுதான் நஞ்சு வெளியே கொட்டும். கருவிழித் திசுவை அரிக்கும். லைசின் செய்வதோ கிருமியை உடைப்பது. கோடிக்கணக்கான கிருமிகளை ஒரே நொடியில் உடைத்தால் கொட்டும் நஞ்சு கண்ணை என்ன செய்யும்? கிருமியைக் கொல்வதோடு வேலை முடிவதில்லை, தழும்பு விழாமலும் இருக்க வேண்டும். ஊரில் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று சொல்வது அந்தத் தழும்பைத்தான். நடுக்கருவிழியில் பூ விழுந்தால் யாரோ தானம் செய்த கருவிழியை வைத்துத் தைப்பதைத் தவிரப் பெரிதாக வழியில்லை. மனிதக் கண்ணில் லைசினைச் சொட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விலங்குச் சோதனையில் தெளிவான பதில் வேண்டும் என்பேன்.

மாட்டையும் ஒரு வரி நினைக்க வேண்டும். கறவை மாடுகளுக்கு வரும் மடிநோயிலும் ஸ்டாஃபைலோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் முக்கியக் கிருமிகள். அதற்காக மடிக்குள் ஏற்றும் ஆன்டிபயாடிக் பாலில் கலக்கிறது. அங்கேயும் லைசினுக்கு இடம் உண்டு.

மதுரை பொருத்தமான ஊர் என்றேன். நோயாளிகள் இங்கே வருகிறார்கள், சுரண்டிப் பார்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. கருவிழிப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்று உலகத்துக்கே சொன்ன சோதனைகளில் மதுரைக்கு முக்கியப் பங்கு உண்டு. பாக்டீரியாப் புண்ணுக்கு ஸ்டீராய்டும் சேர்க்கலாமா என்று 500 நோயாளிகளிடம் பார்த்த சோதனையின் முடிவு 2012இல் வந்தது. பூஞ்சைக்கு நேட்டமைசினா வோரிகோனசோலா என்று 323 பேரிடம் பார்த்த சோதனை 2013இல் வந்து நேட்டமைசினே மேல் என்றது. அத்தைக்குப் போட்டதும் நேட்டமைசின்தான். அப்புறம், 1992இல் தொடங்கிய, அரவிந்த் மருத்துவமனையின் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி விலையில் சிறு பங்குக்குச் செய்து காட்டியதும் இந்த ஊரில்தான். இன்சுலின் செய்வதுபோல லைசினையும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வளர்த்துப் பிரித்தெடுக்கலாம். புரதம் என்பதால் குளிரில் வைத்துக் காக்க வேண்டியிருக்கும். உசிலம்பட்டி வெயிலில் அது சுலபமில்லை, உலர்ந்த தூளாக்கிப் போடும் நேரத்தில் கரைப்பது ஒரு வழி. பெங்களூருவின் கங்காஜென் நிறுவனம் ஸ்டாஃபைலோகாக்கஸுக்கான பி128 என்ற ஃபேஜ் நொதிக் கலப்பினத்தை உருவாக்கியது. ஆகவே இந்தக் கைவேலை நம் நாட்டுக்குத் தெரியாத ஒன்றல்ல.

கண்ணில் போட லைசின் சொட்டு மருந்து இன்று எந்த மருந்துக்கடையிலும் இல்லை. அந்த அறையில் உசிலம்பட்டிப் பெரியவருக்கு எழுதியிருந்தது மணிக்கு ஒரு தடவை போடும் ஆன்டிபயாடிக் சொட்டு. கண்ணீர் சில நிமிடங்களில் மருந்தைக் கழுவிவிடும் என்பதால் இரவிலும் அப்படியே போட வேண்டும். அவர் மருமகள் போனில் அலாரம் வைத்திருந்தார். பதினொரு மணிக்கு அடிக்கும், பன்னிரண்டுக்கு அடிக்கும், ஒன்றுக்கு அடிக்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "மாமா, கண்ணத் தொறங்க" என்று மெதுவாக எழுப்புவார். கண்ணீர் கழுவுவதற்குள் வேலையை முடித்துவிடும் மருந்து அந்தப் பெண்ணின் இரவில் எத்தனை அலாரங்களைக் குறைக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு அத்தைக்கு நேட்டமைசின் போடும் நேரம் வந்தது, எழுந்து போனேன்.